படித்தார்கள், சிரித்தார்கள், மாற்றவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கைப்பேசி சாப்பாட்டு மேஜையில் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அதிர்ந்து அரை விரல் அளவு நகரும். கடைசியில் காபி டபராவில் போய் முட்டி, டபராவையும் சேர்த்துத் தள்ளத் தொடங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த ஃபரூக்கின் கைப்பேசியோ கவிழ்த்து வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

"பார்த்தீங்களா பாய்," என்றேன், ரொம்பப் பணிவாக. ஜெயித்தவனுக்குத்தான் பணிவெல்லாம் கட்டுப்படியாகும்.

ஃபரூக் உப்புமாவில் இருந்த முந்திரிகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார், கடைசியில் சாப்பிடுவதற்காக. தலையைத் தூக்காமலே சொன்னார்: "சிரிக்கறாங்க, சரி. மாத்தினாங்களான்னு பாருங்க."

யார், எதை மாற்ற வேண்டும்? அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போயாக வேண்டும். சென்ற வாரம் இதே பத்தியில் இப்படிப் பின்னால் போனபோது என் மச்சினனின் கல்யாணக் கதையில் இடித்துக்கொண்டேன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுக்கிறேன்.

யாருக்கும் சொந்தமில்லாத கடிகாரம்

நாங்கள் 'பொழுது' என்று ஒரு ஆப் செய்து வைத்திருக்கிறோம். சூரிய உதயம், ராகு காலம், திதி, நட்சத்திரம், ஐந்து வேளைத் தொழுகை நேரம், எல்லாம் அதில் இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது வருடா வருடம் திதி கொடுக்க வேண்டுமென்றால், அதை ஒருமுறை பதிந்து வைத்தால் போதும். இந்த வருடம் எந்தத் தேதியில் வருகிறது என்று அதுவே சொல்லும்.

விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. உள்ளே எழுதியிருக்கிற நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம். இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். வைதேகி, அதாவது என் மனைவி, இதை வேறு மாதிரி விளக்குவாள். "ஆபீஸ்ல பண்ணினா சம்பளம். ஆத்துல பண்ணினா கட்டற்றது."

இதில் ஒரு விசேஷம் உண்டு. யார் இந்த ஆப்பை வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பெயரோ எண்ணோ கேட்பதில்லை, கேட்கக் கூடாது என்பதே கொள்கை. அதைப் பற்றி நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். மேடை என்றால், கே.கே. நகரில் ஒரு மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி பேர் கரண்ட் போனதால் உள்ளே வந்தவர்கள். இருந்தாலும் கைதட்டினார்கள்.

பெயர் தெரியாதவர்களோடு எப்படிப் பேசுவது? அதற்கு ஒரே வழிதான். ஆப்பைத் திறந்தவுடன் 'என்ன மாறியிருக்கு?' என்று ஒரு பக்கம் வரும். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதில் ஒரு குறிப்பு எழுதுவோம். அதைப் படித்தவர்களில் சிலர் எங்கள் வாட்ஸப் குழுவில் ஏதாவது பதில் போடுவார்கள்.

அந்தக் குறிப்பை எழுதுகிறவன் நான்.

ராகு பஸ்ஸைத் தவறவிட்டார்

நிரல் எழுதுவதில் நான் சுமார். என்னை மிஞ்சிய பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். குறிப்பு எழுதுவதில் மட்டும் எனக்கு ஒரு சிம்மாசனம் இருந்தது.

ராகு காலக் கணக்கில் இரண்டு நிமிடம் திருத்தியபோது இப்படி எழுதினேன்: "சத்திரம் பேருந்து நிலையத்தில் ராகு பகவான் ஸ்ரீரங்கம் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ்ஸில் வருகிறார். சிரமத்துக்கு வருந்துகிறோம்." எழுத்தைப் பெரிதாக்கியபோது: "இனிமேல் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு மட்டும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும்."

ஒருமுறை எந்த மாற்றமும் இல்லை, ஆனால் கை அரித்தது. "பசி தாங்காத பக்தர்களின் கோரிக்கையை ஏற்று, இந்த மாதம் முதல் ஏகாதசி ஒன்றுதான்" என்று எழுதிவிட்டேன். குழுவில் சிரிப்பு முகங்கள் கொட்டின. ஒரு பெரியவர் "அடுத்த மாதம் அமாவாசையையும் ரத்து செய்யவும்" என்று எழுதினார்.

என் பள்ளித்தோழன் சேஷு என் முதல் ரசிகன். வாத்தியார் அவன். ஸ்கூல் வாத்தியார் இல்லை, சிராத்தம் பண்ணிவைக்கிற வாத்தியார். தான் போகிற வீடுகளின் திதி அத்தனையையும் எங்கள் ஆப்பில்தான் பதிந்து வைத்திருந்தான். ஹோமப் புகையில் சிவந்த கண்ணோடு தெருவில் என்னைப் பார்த்தால், ஸ்கூட்டரை ஓரம் கட்டி, என் குறிப்பை எனக்கே சொல்லிக் காட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக நான் எத்தனை பதிப்புகளைத் தேவையில்லாமல் வெளியிட்டேன் என்பது அரங்கனுக்குத்தான் தெரியும்.

அத்தர் வாசனை

அந்தச் சமயத்தில்தான் ஃபரூக் வந்தார்.

பாலக்கரைக்காரர். வளைகுடாவில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு இன்ஜினீயராக இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஆப்பில் மாலைத் தொழுகை நேரம் பிசகியிருந்ததைக் கண்டுபிடித்து, காரணத்தையும் கண்டுபிடித்து, திருத்தமும் அனுப்பிவிட்டு, "நேர்ல பேசலாமா?" என்று கேட்டார். வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அத்தர் வந்தது. அதற்குப் பின்னால் அவருடைய முடி வந்தது.

ஐம்பதைத் தாண்டியும் முன்நெற்றியில் சுருண்டு விழுகிற முடி. என் தலையில் இருப்பது கோடைக் காவிரி. மணல்தான் அதிகம், ஓரத்தில் கொஞ்சம் ஈரம்.

முடியைக்கூட மன்னித்திருப்பேன். ரமலான் தொடங்க இருந்த நேரம். "இந்த ஒரு குறிப்பை மட்டும் நான் எழுதட்டுமா?" என்று கேட்டார். பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்:

"நோன்பு திறக்கும் நேரம் இன்று முதல் மாறுகிறது. நேற்றுவரை காட்டியது தவறு. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் பாங்கு கேட்ட பிறகு நோன்பு திறங்கள்."

இதில் எங்கே இருக்கிறது எழுத்து? உவமை உண்டா? ஒரு நமட்டுச் சிரிப்புக்காவது இடம் உண்டா? குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. "ஜஸாகல்லாஹ் பாய்" என்று நன்றிகளும், "சரியான நேரத்துல சொன்னீங்க" என்று பாராட்டுகளும் வரிசையாக வந்தன. முன்பின் தெரியாத ஒரு பெண் "அத்தாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன்" என்று எழுதியிருந்தார்.

அத்தாவுக்குப் படித்துக் காட்டினார்களாம். என் குறிப்பை யாராவது அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்களா? அன்று சாயங்காலம் முழுக்க மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தேன்.

ஆற்றாமையில் அவரிடமே கேட்டேன். "கொஞ்சம் சுவாரசியமா எழுதலாமே பாய்?"

"நான் இருந்த பிளாண்ட்ல ஒரு வால்வை மூடறதுக்கு முன்னாடி எழுதி ஒட்டணுங்க. தமிழ், மலையாளம், உருது, பெங்காலி, அத்தனைலயும். படிக்கிறவன் சிரிச்சுக்கிட்டு நின்னான்னா ஆம்புலன்ஸும் வந்து பக்கத்துல நிக்கும்."

வைதேகியிடம் முறையிட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "நீங்க எழுதறதும் நன்னாத்தான் இருக்கு. படிச்சு முடிச்சப்பறம் என்ன பண்ணணும்னுதான் தெரியலை."

அதற்குப் பிறகு வந்த எல்லாக் குறிப்பையும் நானே எழுதினேன். ஃபரூக் கேட்டபோதெல்லாம் "உங்களுக்கு எதுக்கு பாய் சிரமம்?" என்றேன். அக்கறை மாதிரியே இருக்கும் பொறாமை ஒன்று உண்டு. அதை நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

திதி வீடு மாறிய வாரம்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிட்டோம்.

திதி பார்க்க நம்மிடையே இரண்டு கணக்குகள் உண்டு. வாக்கியம் என்பது வழிவழியாக வந்தது. திருக்கணிதம் என்பது வானத்தின் இன்றைய நிலைக்குத் திருத்திக்கொண்டது. இரண்டுக்கும் சில நாழிகை வித்தியாசம் வரும். பல நாள் அதனால் ஒன்றும் ஆகாது. சில நாள் திதியே அடுத்த தேதிக்குத் தாவிவிடும். எந்த வீடு எந்தக் கணக்கு என்பதெல்லாம் தகராறுக்கே இடமில்லாதபடி எப்போதோ முடிவானவை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவெல்லாம் வாக்கியம்.

எங்கள் ஆப்பில் அதுவரை வாக்கியம் மட்டும்தான் இருந்தது. நாங்கள் முகமே பார்த்திராத ஒரு பெண், எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து, இரண்டையும் போடுகிற புதுக் கணக்கை எழுதிக் கொடுத்தாள். புதுப் பதிப்பைத் திறந்தால் "வாக்கியமா, திருக்கணிதமா?" என்று கேட்கும். பதில் சொல்லாமல் தாண்டிப் போனால் திருக்கணிதம் என்று எடுத்துக்கொள்ளும். நான் பார்த்தேன், சரி என்றேன், சேர்த்துவிட்டேன்.

"இந்தக் குறிப்பை நான் எழுதறேனே ராகவன்," என்றார் ஃபரூக். "இது கொஞ்சம் சீரியஸ்."

சீரியஸ் என்றால் இவருக்குக் கொடுக்க வேண்டுமா? எங்கள் வீட்டுத் திதியைப் பற்றி எங்கள் ஊருக்கு இவர் சொல்லி, இங்கேயும் நன்றி வாங்கிக்கொண்டு போவாரா? விடுவேனா! வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து செதுக்கினேன்.

"திதிகள் வீடு மாறியிருக்கின்றன. போஸ்ட்மேனுக்குச் சொல்வது போல ஆப்புக்கும் உங்கள் பழைய விலாசத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முன்னோர்கள் ஒரு நாள் முன்பின்னாக வந்து, பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி கனவில் வந்து திட்டுவார்கள். வடையும் கேட்பார்கள்."

என் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்த குறிப்பு. இன்றும் சொல்வேன். அதனால்தான் ஞாயிறு காலை என் கைப்பேசி டபராவைத் தள்ளிக்கொண்டு போனது.

"எதைடா?"

ஃபரூக் முதல் முந்திரியை எடுத்தபோது சேஷு அழைத்தான். ரசிகனின் குரலை எதிராளியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய் ராகவா, பிரமாதம்டா! வடையும் கேட்பார்கள்! மூணு ஆத்துல சொல்லிச் சிரிச்சாச்சு. எங்கேர்ந்துடா வர்றது உனக்கு இதெல்லாம்?"

ஃபரூக்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்து, அமைதியாகக் கேட்டார்: "சாமி, நீங்க எதைத் தேர்வு பண்ணீங்க?"

"யாரு, பாயா? எதைத் தேர்வு பண்றது?"

"வாக்கியமா திருக்கணிதமான்னு கேட்டிருக்குமே."

"ஏதோ கேட்டுதே. இவன் வேடிக்கைதானேன்னு தாண்டிப் போயிட்டேன். ஏன்?"

நான் ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினேன்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஏதாவது சிராத்தம் காட்டுதா?" என்று ஃபரூக்கே கேட்டார்.

"இருக்கே. மண்ணச்சநல்லூர்ல. அவா பிள்ளை பெங்களூர்லேர்ந்து வரார். நேத்திக்கே செவ்வாய்னு சொல்லிட்டேன்."

"வாக்கியம் பார்க்கிற வீடுன்னா அது புதன்கிழமைங்க."

சேஷு தன் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாரையோ நிறுத்தச் சொன்னான்.

"ராகவா," என்றான் பிறகு. குரலில் ரசிகன் இல்லை. "வருஷத்துக்கு ஒரு நாள்டா அது. தப்பான நாள்ல பண்ணி வெச்சேன்னா பண்ணாத மாதிரிதான். அப்பறம் எந்த ஆத்துல என்னைக் கூப்பிடுவா? நீ மாசத்துக்கு ஒரு ஏகாதசிதான்னு எழுதினவன். இதை நெஜம்னு நான் எப்படிடா எடுத்துக்கறது?"

வைத்துவிட்டான்.

மூளைக்கு மூன்றாவது ஷிப்ட்

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் வேலைக்கு வருவது வயிறு. இரண்டாவது ஷிப்ட் வாய். மூளை மூன்றாவது ஷிப்டில்தான் வரும், அதுவும் ஓவர்டைம் கொடுத்தால்.

சேஷு ஒருவனுக்குச் சொல்லியாகிவிட்டது. அவன் மண்ணச்சநல்லூருக்குப் பேசிச் சரிசெய்துகொள்வான். அவனைப் போலச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்? எந்த ஊரில்? குழுவுக்கு வெளியே யாருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. கைதட்டு வாங்கிய கொள்கை இப்போது என் கழுத்தைப் பிடித்தது. செவ்வாய் விடிவதற்குள் அவர்கள் எல்லாரும் ஆப்பில் ஓர் இடத்தைத் தொட்டாக வேண்டும்.

"பழையபடி வாக்கியத்துக்கே மாத்தி இன்னொரு பதிப்பு விட்டுடறேன்," என்றேன்.

"அது ஸ்டோர்ல பாஸாகி எல்லார் போனுக்கும் போக எத்தனை நாளாகுமோ. திருக்கணிதம் வேணும்னே வெச்சுக்கிட்டவங்க என்ன ஆவாங்க? மறுபடியும் சொல்லாம மாத்தறதா? குறிப்பை மாத்துங்க ராகவன். அது உடனே போகும். திறக்கிறவங்க கண்ணுல அதுதான் முதல்ல படும்."

மாற்றினேன். வியர்த்து வழிய வழிய எழுதினேன்: "இது ஜோக் இல்லை. சத்தியமாக ஜோக் இல்லை. அரங்கன் மேல் ஆணையாகத் திதி மாறியிருக்கிறது. தயவுசெய்து சிரிக்காதீர்கள்."

வெளியிட்டேன். கைப்பேசி மறுபடி நகரத் தொடங்கியது. "சார், இதுதான் டாப்பு!" "சிரிக்காதீர்கள்னு சொன்னதும் அடக்க முடியல." அந்த அமாவாசைப் பெரியவர், "கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும்" என்று எழுதியிருந்தார்.

அடுத்து நான் செய்ததை வைதேகி இன்றும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுகிறாள். ஒற்றைச் செருப்போடு தெருவுக்கு ஓடினேன். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது, ஊர் ஊராக. பூக்கடை அருகே அகப்பட்ட முதல் மனிதரின் கையைப் பிடித்து, "உங்க போன்ல பொழுது இருக்கா?" என்றேன்.

அவர் கையைப் பத்திரமாக உருவிக்கொண்டு, "நான் வெளியூருங்க. தாயார் சன்னதிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்றார்.

காட்டினேன். இரண்டாவது இடப்பக்கத்தை வலப்பக்கம் என்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஐந்து வரி

திரும்பி வந்தபோது ஃபரூக் கை கழுவிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வைதேகி இரண்டாவது காபி ஆற்றி முடிப்பதற்குள் நீட்டினார்.

"உங்கள் வீட்டுத் திதிக்கு ஆப் தவறான தேதியைக் காட்டலாம்.

வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகள்: ஆப்பில் 'பஞ்சாங்கம்' என்பதைத் தொட்டு 'வாக்கியம்' என்று மாற்றுங்கள்.

திருக்கணிதம் பார்க்கும் வீடுகள்: 'திருக்கணிதம்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எது என்று தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவரையோ வாத்தியாரையோ கேளுங்கள். அதுவரை ஆப் காட்டும் தேதியை நம்பாதீர்கள்.

தவறு எங்களுடையது."

படித்தேன். குற்றம் கண்டுபிடிக்க மறுபடி படித்தேன்.

"நம்பாதீர்கள்னு நம்ம ஆப்பைப் பத்தி நாமே எழுதறதா?"

"இப்ப நம்பலாமாங்க?"

"சரி, கடைசி வரி வேண்டாமே. 'தவறு எங்களுடையது'ன்னு..."

"எங்களுடையதுன்னுதானே போட்டிருக்கேன்," என்றார் ஃபரூக். "உங்களுடையதுன்னு போடலையே."

வைதேகி காபியை அவரிடம் முதலில் கொடுத்தாள்.

வெளியிடுகிற உரிமை என் கைப்பேசியில்தான் இருந்தது. ஊஞ்சல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வரிகளை ஒட்டினேன். என் விரல் தானாகக் கீழே இன்னொரு வரி அடித்தது. சின்ன வேடிக்கைதான், யாருக்கும் தீங்கில்லாதது. அதில் நான் இருந்தேன், அவ்வளவுதான். ஃபரூக் காபியை உறிஞ்சினார். அந்த உறிஞ்சல் சத்தம் போதுமானதாக இருந்தது. அழித்தேன். அமுக்கினேன்.

கைப்பேசி நகரவில்லை. உடைந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு செய்தி வந்தது. "மாத்திட்டேன்." அப்புறம் இன்னொன்று. "நல்லவேளை. மாத்தியாச்சு." ஒரு அம்மாள், "எங்காத்துல வெள்ளிக்கிழமை வரது. பார்த்தேன், பயந்தேன், மாத்தினேன்." அமாவாசைப் பெரியவர்கூட, "மாற்றிவிட்டேன். நன்றி."

இத்தனை வருடத்தில் எனக்கு எவ்வளவோ சிரிப்பு முகங்கள் வந்திருக்கின்றன. 'மாத்திட்டேன்' என்று ஒருவரும் எழுதியதில்லை. அப்படி ஒரு பதில் வரும் என்பதே எனக்குத் தெரியாது. இப்போது வந்துகொண்டேயிருந்தது, அத்தனையும் அவருக்கு. அவரோ கைப்பேசியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ஓரம் வைத்த முந்திரியை வைதேகி தட்டோடு எடுத்துப் போய்விட்டாள் என்ற கவலையில் சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை

மண்ணச்சநல்லூரில் பெங்களூர்க்காரர் லீவை ஒரு நாள் நீட்டித்துக்கொண்டார். புதன்கிழமை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. சாயங்காலம் திரும்புகிற வழியில் சேஷு எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். இறங்கவில்லை.

"அந்த பாய் நம்பர் கொடுடா."

"எதுக்கு?"

"நான் பண்ணிவைக்கற ஆத்துக்கெல்லாம் ஒரு தகவல் அனுப்பணும். தேதியை நான் போன் பண்ணிச் சொன்னப்பறம்தான் டிக்கெட் வாங்கணும், அது இதுன்னு. அவரை எழுதித் தரச் சொல்லப்போறேன்."

"சேஷு, இதுக்கு எதுக்குடா அவரைத் தொந்தரவு பண்ணிண்டு? நான் எழுதித் தரேனே!"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். முகத்தில் பழைய சிரிப்பு மெல்ல வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் சம்பாதித்த சிரிப்பு. தோளில் தட்டினான்.

"நீ ரொம்ப நன்னா எழுதுவேடா," என்று சொல்லிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளக் கைப்பேசியை எடுத்துத் தயாராக நின்றான்.

கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. சரியாகத்தான் சொன்னேன். அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்து, "நெஜமாத்தானே?" என்று கேட்டான். நிஜம்தான் என்றேன்.

வேடிக்கை எதையும் சேர்க்காமல் நான் உலகத்துக்குச் சொன்ன முதல் தகவல், ஃபரூக்கின் தொலைபேசி எண்.